திரையரங்கில் படித்த பையன்

புத்தாண்டு பிறந்ததும் நாட்குறிப்பு வாங்குவதைப் போல, நாளுக்கொரு திரைப்படம் பார்த்தே தீருவது என்று சங்கல்பம் செய்துகொள்பவர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். ஆண்டு முடிவில் 365 என்ற எண் கைக்கு வந்துவிட்டால் நோன்பு நிறைவேறிவிட்டது. பிப்ரவரி வரை தாக்குப்பிடிப்பவர்களே சொற்பம் என்பது வேறு விஷயம். இந்த நோன்புக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு. அதன் நாயகன், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு இருட்டறைக்குள் ஒளிந்துகொண்ட ஒரு பாரிஸ் நகரத்துச் சிறுவன். நாளொன்றுக்கு மூன்று படங்கள், வாரத்துக்கு மூன்று புத்தகங்கள் என்பது அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட பாடத்திட்டம் என்று, ஃபிரான்சுவா த்ரூஃபோவைப் பற்றி எழுதுகிறவர்கள் அனைவரும் சொல்லிவிடுவார்கள். அவன் எதற்காக அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொண்டான் என்ற கேள்விதான் எனக்கு அந்த எண்ணைவிட முக்கியமாகப் படுகிறது.

த்ரூஃபோ பிறந்தது 1932 பிப்ரவரி 6 அன்று. தாய்க்கு அப்போது திருமணமாகியிருக்கவில்லை. பின்னர் அவளை மணந்துகொண்ட ரோலான் த்ரூஃபோ குழந்தைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். முதலில் செவிலித்தாயிடமும் பிறகு பாட்டியிடமும் வளர்ந்த பையன், பாட்டி இறந்த பிறகே பெற்றோரின் சிறிய குடியிருப்புக்கு வந்து சேர்ந்தான். தாய்க்குச் சத்தம் ஆகாது. அவள் வீட்டிலிருக்கும்போது அசையாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதே அவனுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே செயல். வாரத்துக்கு மூன்று புத்தகம் எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். மூன்று படத்துக்கான காரணமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. அங்கிருந்து வெளியேற அவனுக்குத் தெரிந்த கதவு, பக்கத்துத் தெருவில் இருந்த திரையரங்கின் கதவு.

அது ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம். அமெரிக்கப் படங்களுக்குத் தடை. 1940 முதல் 1944 வரையிலான அந்த நான்கு ஆண்டுகளில் பிரான்சில் சுமார் 220 படங்கள் எடுக்கப்பட்டன. பஞ்சமும் ஊரடங்கும் நிலவிய நகரத்தில் மக்கள் திரையரங்குகளை மொய்த்தார்கள். பார்க்கக் கிடைத்தவை குறைவு என்பதால் பார்த்ததையே திரும்பப் பார்ப்பது வழக்கமாயிற்று. க்ளூஸோவின் 'காகம்' படத்தைப் பலமுறை பார்த்து வசனம் முழுவதையும் மனப்பாடமாக்கியிருந்ததாகத் த்ரூஃபோ பின்னாளில் எழுதினார்.

தன்னுடைய முதல் இருநூறு படங்களைத் திருட்டுத்தனமாகவே பார்த்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். பள்ளியை ஏமாற்றிவிட்டுப் பார்த்தவை சில. அவசர வழியாகவோ கழிப்பறை ஜன்னல் வழியாகவோ சீட்டு வாங்காமல் நுழைந்து பார்த்தவை சில. பெற்றோர் மாலையில் வெளியே போனதும் கிளம்பி, அவர்கள் திரும்புவதற்குள் படுக்கைக்கு வந்து தூங்குவதுபோல் நடித்த நாட்கள் வேறு. இந்த இன்பத்துக்கு அவர் கொடுத்த விலை வயிற்றுவலி, தலைவலி, குற்றவுணர்வு. நம் ஊரில் தரை டிக்கெட்டுக்குக் காசு திருடிய எவருக்கும் இந்த வயிற்றுவலி அந்நியமானதல்ல.

இதில் ஒரு நிகழ்ச்சி எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது. மார்செல் கார்னேயின் 'லே விஸிதர் து சுவார்' படம் பிகால் திரையரங்குக்கு வந்திருக்கிறது. பையனால் காத்திருக்க முடியவில்லை. பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பார்த்துவிட்டான். அன்று மாலையே, இசைப்பள்ளியில் வயலின் பயின்றுகொண்டிருந்த அவனுடைய சித்தி வீட்டுக்கு வந்து அவனைச் சினிமாவுக்கு அழைக்கிறாள். அவள் தேர்ந்தெடுத்திருப்பதும் அதே படம். காலையில் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை. சொன்னால் மட்டம் போட்டது வெளிப்பட்டுவிடும். ஆகவே பக்கத்தில் அமர்ந்து, முதன்முறையாகப் பார்ப்பவனைப் போல வியந்தும் திடுக்கிட்டும் நடிக்க வேண்டியதாயிற்று. கதை தெரிந்துவிட்டதால் கண் கதையை விட்டு நகர்கிறது. இந்தக் காட்சி ஏன் இங்கே வந்தது, இவள் ஏன் இப்போது திரும்பினாள் என்று பார்க்கத் தொடங்குகிறது. பிடித்த ஒரு படைப்புக்குள் மேலும் மேலும் இறங்கிச் செல்வதன் ருசியை அன்றுதான் அறிந்ததாக அவர் சொல்கிறார். ஒரு விமர்சகன் பிறந்தது ஒரு பொய்யைக் காப்பாற்றும் கட்டாயத்தால் என்றே சொல்ல வேண்டும். நாளுக்கொரு புதுப்படம் என்று விரதம் இருப்பவர்களின் பட்டியலில் ஒரே நாளில் இருமுறை பார்த்த ஒரே படத்துக்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது என்று தெரியவில்லை.

பதினான்கு வயதில் படிப்பு நின்றது. அதற்குள் இயக்குநர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கோப்பு திறந்து, பத்திரிகைத் துணுக்குகளை வெட்டிச் சேர்க்கத் தொடங்கியிருந்தார். நண்பன் ரொபேர் லாஷ்னேயோடு சேர்ந்து அரங்க முகப்புகளில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைத் திருடுவது இரவுத் தொழில். போர் முடிந்து 1946இல் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஏற்பட்டதும், தடுத்து வைத்திருந்த ஹாலிவுட் படங்கள் வெள்ளம்போல் வந்தன. 'சிட்டிசன் கேன்' பாரிஸை எட்டியதும் அந்த ஆண்டில்தான். பார்ப்பது போதாது, மற்றவர்களுக்கும் காட்ட வேண்டும் என்ற வேட்கை கிளம்பியது. 1948இல், பதினாறு வயதில், ஞாயிறு காலைக் காட்சிகளுக்காக ஒரு திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்.

அதே நேரத்தில் இன்னொரு கழகம் நடந்துகொண்டிருந்தது. அதை நடத்திய விமர்சகர் ஆந்த்ரே பஸானிடமே போய், உங்கள் காட்சியை வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று பையன் கேட்டான். அந்தத் துணிச்சலிலிருந்து ஒரு வாழ்நாள் உறவு தொடங்கியது. கழகம் கடனில் மூழ்கியது. கடனை ஒருமுறை அடைத்த தந்தை, அடுத்த முறை மகனைக் காவல்நிலையத்தில் ஒப்படைத்தார். அங்கிருந்து வில்ஜூயிஃபில் இருந்த சிறார் காப்பகத்துக்கு. 1949இல் அவரை வெளியே கொண்டுவந்ததில் பஸானின் பங்கு பெரியது. வேலையும் அவரே கொடுத்தார். தினம் மூன்று படம் என்ற அந்த விரதத்துக்கு இவ்வளவு செலவாயிற்று.

த்ரூஃபோ காப்பகத்துக்குப் போன அதே 1948இல், மெஸீன் அவென்யூவின் ஏழாம் எண் கட்டடத்தில் ஒரு சிறிய அரங்கு திறக்கப்பட்டிருந்தது. ஐம்பது அறுபது பேர் அமரக்கூடிய இடம். நடத்தியவர் ஆன்றி லாங்லுவா. ஸ்மிர்னாவில் 1914இல் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்ததைச் சிறுவனாக அறிந்தவர். பேசும்படம் வந்ததும் மௌனப்படங்களை வேண்டாத சரக்கென்று உருக்கி வெள்ளியை எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றைக் காப்பாற்ற 1936இல் ஜார்ஜ் ஃபிரான்ஜு முதலான நண்பர்களுடன் சினிமாதெக் ஃபிரான்சேஸை நிறுவினார். போர்க்காலத்தில் படச்சுருள்களை அங்குமிங்கும் ஒளித்துவைத்தார். சுருள்கள் அவருடைய குளியல் தொட்டியில்கூடக் கிடந்தன என்ற கதை பிரசித்தம். நல்ல படம், கெட்ட படம் என்று தரம்பிரிக்க நாம் யார், எல்லாவற்றையும் வை, எல்லாவற்றையும் காட்டு என்பது அவர் கொள்கை.

அந்த அரங்கில் என்ன படம் பார்ப்பது என்பதைப் பார்வையாளர் முடிவுசெய்யவில்லை. லாங்லுவா போட்டதைப் பார்க்க வேண்டும். அவரோ ஒரு ஸ்வீடன் மௌனப்படத்துக்கு அடுத்து ஓர் அமெரிக்க நகைச்சுவை, அதற்கடுத்து ஐசன்ஸ்டைன் என்று எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவற்றை அடுத்தடுத்து வைப்பார். வெளிநாட்டுப் படங்கள் பெரும்பாலும் சப்டைட்டில் இல்லாமலே ஓடின. மௌனப்படங்களுக்குப் பியானோவும் கிடையாது. மொழி புரியாமல் இரண்டு மணிநேரம் ஒரு ஜப்பானியப் படத்தின் முன் உட்கார்ந்திருப்பவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வழி ஏது? மனிதர்கள் சட்டகத்துக்குள் எங்கே நிற்கிறார்கள், கேமரா எப்போது நகர்கிறது, ஒளி எப்பக்கமிருந்து விழுகிறது என்பவையே மொழியாகிவிடும். பின்னாளில் இந்தக் கூட்டம் இயக்குநரின் கையெழுத்து கதையில் இல்லை, காட்சியமைப்பில் இருக்கிறது என்று வாதாடியதற்குச் சப்டைட்டில் இல்லாத அந்த மாலைகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முன்வரிசை இவர்களுடையது. 1949இல் ரூவானிலிருந்து வந்து சேர்ந்த ழாக் ரிவெத், அதிகம் பேசாத ழான்-லுக் கொதார், மருந்தகக் குடும்பத்துப் பிள்ளையான க்ளோத் ஷப்ரோல், இவர்களைவிட ஏறக்குறைய பத்து வயது மூத்தவரும் லத்தீன் குவார்ட்டர் திரைப்படக் கழகத்தை நடத்தியவருமான எரிக் ரோமர். திரைக்கு எவ்வளவு அருகில் உட்கார்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது நம்பிக்கை. படம் முடிந்ததும் பேச்சு. காசில்லாததால் நடை. நடந்தபடியே சண்டை. வீட்டுக்குப் போனதும் எழுத்து. 1955இல் சினிமாதெக் உல்ம் தெருவுக்கு இடம்பெயர்ந்தபோது ஒரே மாலையில் மூன்று காட்சிகள் வழக்கமாயின. நாளுக்கு மூன்று என்ற பழைய கணக்கு ஒரே கூரையின் கீழ் நிறைவேறும்படி ஆயிற்று.

முன்வரிசையைப் பற்றி எழுதுகிறவர்கள் பின்னறையை மறந்துவிடுகிறார்கள். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்து, ஜெர்மானியச் சினிமாவைப் பற்றிய முதல்தரமான நூலை எழுதிய லோட்டே ஐஸ்னர் என்ற பெண்மணியே அங்கு ஆண்டுக்கணக்காகச் சேகரிப்பைக் கவனித்துவந்தார். மேரி மீர்சன் இல்லாமல் லாங்லுவா ஒருநாள்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார். விரதம் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். விரதத்துக்குச் சமைத்துப் போட்டவர்களில் பெண்கள் இருந்தார்கள். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான்.

பார்த்ததெல்லாம் என்னவாயிற்று? இடையில் த்ரூஃபோ 1950இன் இறுதியில் ராணுவத்தில் சேர்ந்து, இந்தோசீனாவுக்குப் போகவேண்டிய தருணத்தில் ஓடி, ராணுவச் சிறையில் கிடந்தார். மறுபடியும் மீட்டவர் பஸான். இம்முறை தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டார். பஸான் பங்கேற்று 1951இல் தொடங்கப்பட்ட 'கையே து சினேமா'வின் 1954 ஜனவரி இதழில், பிரெஞ்சுச் சினிமாவின் மரியாதைக்குரிய பெரியவர்கள்மீது பாயும் கட்டுரை த்ரூஃபோ பெயரில் வெளிவந்தது. எழுதியவருக்கு வயது இருபத்தொன்று. இலக்கியத்தைத் தழுவிப் படமெடுத்த திரைக்கதையாசிரியர்களை அவர் பெயர்சொல்லித் தாக்கினார். அந்தக் கட்டுரையை இன்று படித்தால் நியாயமின்மைகள் பல தென்படும். ஆனால் எந்த வசனம் மூலநாவலில் உண்டு, எது இல்லை என்று அவர் அடுக்கும் விதத்தில் அந்த ஆயிரக்கணக்கான மணிநேர இருட்டு தெரியும். வாரத்துக்கு மூன்று புத்தகங்களும் தெரியும். 1958இல் கான் விழாவுக்கு அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. 1959இல் அதே விழா அவரைச் சிறந்த இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது. படம் '400 ப்ளோஸ்'. அதன் படப்பிடிப்பு தொடங்கிய 1958 நவம்பர் 10ஆம் தேதி இரவு பஸான் நாற்பது வயதில் காலமானார். படம் அவருக்கே சமர்ப்பிக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் படத்தில் அன்த்வான் என்ற சிறுவனும் அவன் நண்பனும் திரையரங்கை விட்டு வெளியேறும்போது பெர்க்மனின் 'மோனிகா' படப் புகைப்படத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். 1973இல் எடுத்த 'டே ஃபார் நைட்'டில், இயக்குநராகத் த்ரூஃபோவே நடித்திருக்கிறார். அவர் கனவில் ஒரு சிறுவன் கைத்தடியால் கம்பிக்கதவின் வழியே 'சிட்டிசன் கேன்' படங்களை இழுத்து எடுப்பான். நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தத் திருட்டு அவருக்கு முடிந்திருக்கவில்லை.

இவர்களுக்கு வாழ்க்கை தெரியாது, சினிமா மட்டுமே தெரியும் என்ற குற்றச்சாட்டு அன்றே உண்டு. ஓரளவு அது உண்மையும்கூட. இந்தோசீனாவில் ஒரு போர் முடிந்து அல்ஜீரியாவில் இன்னொன்று நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், முன்வரிசையில் ஹிட்ச்காக்கைப் பற்றிய விவாதமே ஓங்கி ஒலித்தது. த்ரூஃபோ தானே ஒப்புக்கொண்டதுபோல, சிறுவயதில் போர்ப்படங்களையும் சரித்திரப் படங்களையும் அவர் தவிர்த்தார். தன்னை அவற்றில் வைத்துப் பார்க்க முடியவில்லை என்பதே காரணம். ஒளிந்துகொள்ள வந்தவன் தனக்கேற்ற இடத்தைத்தான் தேடுவான். ஆனால் ஒளிந்துகொள்ள வந்தவன் அளவுக்குக் கவனமாகப் பார்ப்பவனும் வேறெவனும் இல்லை. வெளியே போகவேண்டிய நேரம் வந்துவிடக்கூடாதே என்ற அச்சத்தோடு பார்க்கப்பட்ட படங்கள் அவை. மொத்தம் இருபத்தொரு படங்களை எடுத்துவிட்டு, 1984இல் ஐம்பத்திரண்டு வயதில் இறந்தவருக்கு அந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று வியக்கத் தேவையில்லை.

1968 பிப்ரவரியில், ஆந்த்ரே மால்ரோ அமைச்சராக இருந்த அரசு, நிர்வாகம் சரியில்லை என்று சொல்லி லாங்லுவாவைப் பதவியிலிருந்து நீக்கியது. கணக்கு வழக்கில் அவர் மோசம் என்பதை நண்பர்களும் மறுக்கவில்லை. ஆயினும் பழைய முன்வரிசைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. சாப்ளின் உட்பட உலகெங்குமிருந்த இயக்குநர்கள், லாங்லுவா இல்லாத சினிமாதெக்கில் எங்கள் படங்களைத் திரையிடக் கூடாது என்று செய்தி அனுப்பினார்கள். ஏப்ரலில் அரசு பணிந்தது. த்ரூஃபோ அந்த வாரங்களில் 'ஸ்டோலன் கிஸ்ஸஸ்' படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். பகலில் படப்பிடிப்பு, மீதி நேரத்தில் போராட்டக் குழு. படத்தை லாங்லுவாவின் சினிமாதெக்குக்கே சமர்ப்பித்தார். முதல் காட்சியில் சினிமாதெக்கின் கதவு பூட்டிக் கிடக்கிறது. கேமரா அங்கிருந்து விலகி நகரத்தின் மேலாக நகர்ந்து ஒரு ராணுவச் சிறையின் ஜன்னலை அடைகிறது. உள்ளே, வளர்ந்துவிட்ட அன்த்வான் தரையில் அமர்ந்து பால்ஸாக்கின் நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறான்.