கட்டளை வரியின் கதை

கணிப்பொறியின் கருந்திரையில் ஒரு சிறு கோடு மின்னி மின்னி மறைகிறது. "உங்கள் கட்டளைக்காகக் காத்திருக்கிறேன்" என்று அது சொல்லாமல் சொல்கிறது. விசைப்பலகையில் ஓர் எழுத்தை அழுத்துகிறோம். அது உடனே திரையில் தோன்றுகிறது. தட்டச்சுப் பொறியிலும் இதுதானே நடக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் தட்டச்சுப் பொறியில் விசையே எழுத்தைத் தாளில் பதிக்கிறது. கணிப்பொறியில் விசைக்கும் திரைக்கும் நேரான தொடர்பு இல்லை. இடையே ஒரு நிரல் நின்று ஒவ்வோர் எழுத்தையும் வாங்கிக் கொடுக்கிறது. அந்த நிரல் உருவான வரலாறு சுவையானது.

1950-களில் கணிப்பொறியைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் அதன் அருகில் போனதில்லை. நிரலை அட்டைகளில் துளையிட்டு, நிலையத்தில் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ விடை அச்சாகி வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் கிடைக்கும். திருத்திய அட்டையுடன் மீண்டும் காத்திருக்க வேண்டும். சிறு பிழைக்கு ஒரு நாள் தண்டனை!

இந்நிலையை மாற்ற முனைந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பெர்னாண்டோ கோர்பட்டோ. 1961 நவம்பரில் அவரது குழுவினர் காலப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். இம்முறையில் ஒரே கணிப்பொறி தன் நேரத்தைச் சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு மாறி மாறி அளிக்கும். ஒவ்வொருவரும் தம் முன்னுள்ள விசைப்பலகையில் கட்டளையிட்டு, அங்கேயே விடை பெறலாம்.

இத்தகைய உரையாடலுக்குத் தந்தி உலகின் டெலிபிரிண்டர் கைகொடுத்தது. 1963-ல் வெளிவந்த டெலிடைப் 33 என்னும் கருவி நொடிக்கு 10 எழுத்துகளை அச்சிட்டது. அதில் திரை இல்லை, தாள் சுருள்தான். பல அமைப்புகளில், அழுத்திய எழுத்து முதலில் கணிப்பொறிக்குச் சென்று, எதிரொலி போல் திரும்பி வந்த பிறகே தாளில் பதிந்தது. மறைசொல்லை அடிக்கும்போது மட்டும் கணிப்பொறி எதிரொலிக்காமல் இருந்தால் போதும். அருகில் இருப்பவர் அதைப் படிக்க முடியாது.

அதே 1963-ல் ஆஸ்கி என்னும் குறியீட்டு முறை வந்தது. 7 பிட்களால் 128 குறிகள். அவற்றில் முதல் 32 குறிகள் எழுத்துகள் அல்ல, ஆணைகள். 'சி' என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்தின் எண் 67. கண்ட்ரோல் விசையுடன் சேர்த்து அழுத்தினால் 64 கழிந்து 3 ஆகிறது. ஓடும் நிரலை நிறுத்தப் பல அமைப்புகள் இந்த 3-ஐயே பயன்படுத்துகின்றன. அழித்தல் குறியின் எண் 127. ஏன் தெரியுமா? காகித நாடாவில் தவறாக இட்ட துளையை அடைக்க முடியாது. ஏழு இடங்களிலும் துளையிட்டுவிட்டால், "இதைப் பொருட்படுத்தாதே" என்று பொருள். ஏழு துளைகளுக்கு உரிய எண்ணே 127.

தாளில் அச்சான எழுத்தை எப்படி அழிப்பது? பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969-ல் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பில் ஒரு வழி இருந்தது. # என்று அடித்தால் முந்தைய எழுத்து நீங்கும்; @ என்று அடித்தால் வரி முழுதும் நீங்கும். தாளில் தவறு அப்படியே கிடக்கும். கணிப்பொறியின் நினைவில் மட்டும் திருத்தம் நடக்கும். வரி முடிந்ததற்கான விசையை அழுத்தும் வரை கட்டளை நிறைவேறாது.

1978-ல் வந்த விடி 100 போன்ற திரைக் கருவிகள் 24 வரிகளைக் காட்டின. வரிக்கு 80 எழுத்துகள். திரையில் அழிப்பது எளிது. ஓரிடம் பின்செல், வெற்றிடம் எழுது, மீண்டும் பின்செல்; எழுத்து மறைந்துவிடும். 1981-ல் வந்த ஐபிஎம் பர்சனல் கம்ப்யூட்டரில் விசையை அழுத்தும்போது ஒரு குறியும் விடும்போது வேறொரு குறியும் செல்லும். ஷிப்ட் விசை அழுத்தியபடி இருக்கிறதா என்பது இப்படித்தான் தெரிகிறது. நிரல் வேறு வேலையில் இருந்தால் 15 அழுத்தங்கள் வரை ஒரு நினைவிடத்தில் வரிசையாகக் காத்திருக்கும். அது நிரம்பினால் 'பீப்' என்ற ஒலிதான் பதில்.

இன்று பழைய பாணியில் ஒரு கட்டளைத் திரையை நிரலாக எழுத விரும்பும் மாணவர் இந்த வரலாற்றையே சுருக்கி எழுதுகிறார். ஒரு விசையை வாங்கு. எழுத்தானால் வரியில் சேர்த்துத் திரையில் காட்டு. அழித்தல் விசையானால், வரி வெறுமையாக இல்லையா என்று பார்த்துக் கடைசி எழுத்தை நீக்கு. 'என்டர்' ஆனால் மட்டும் முதல் சொல்லைக் கட்டளையாகக் கொண்டு செயல்படு. பிறகு வரியை வெறுமையாக்கி மீண்டும் காத்திரு.

துளை அட்டைக் காலத்தில் பிழை செய்தவர் ஒரு நாளை இழந்தார். கட்டளை வரியில் 'என்டர்' அழுத்தும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். தவறு செய்து பார்த்தே கற்பவர் மனிதர். அதற்கு இடம் கொடுக்கக் கணிப்பொறி கற்றுக்கொண்டது இந்த ஒற்றை வரியில்தான்.