மீட்கப்பட்ட விமானமும் மீளாத மண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு அண்மையில் உள்ளது பலாலி விமானத்தளம். வலிகாமம் வடக்கின் செம்மண் பூமியில் இரண்டாம் உலகப் போரின் தேவைக்காகப் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. 1945இல் அப்படையின் 203ஆம் அணியைச் சேர்ந்த லிபரேட்டர் விமானங்கள் இங்கிருந்தே கடற்காவலுக்குப் புறப்பட்டன. எனினும், அந்தப் போரில் இலங்கையின் பெயரை உலகறியச் செய்த விமானம் ஓடுபாதையிலிருந்து எழுந்ததன்று. தென்னிலங்கையின் கொக்கல வாவியிலிருந்து எழுந்தது. கற்றலினா என்னும் அந்தப் பறக்கும் படகின் வரலாற்றுக்கும் நமது மண்ணின் வரலாற்றுக்கும் ஒற்றுமை ஒன்று உண்டு.

கற்றலினா 1935இல் அமெரிக்காவில் முதன்முறையாகப் பறந்தது. அதன் உடலின் அடிப்பாகம் படகின் அமைப்புடையது. இறக்கைகளின் நீளம் 104 அடி. நீரில் விமானம் சாயாதிருக்க உதவும் மிதவைகள், வானில் எழுந்ததும் மேலே மடிந்து இறக்கையின் நுனிகளாகிவிடும். வேகத்தில் அது பின்தங்கியதே; ஆனால், பகல் முழுவதும் கடலுக்கு மேல் நின்று காவல் காக்க வல்லது. அமைதியான நீர்ப்பரப்பு ஒன்றே அதற்குத் தளமாகப் போதும். கொக்கலவும், திருகோணமலையின் சீனன்குடாவும், பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியும் அவ்வாறே தளங்களாயின.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த இலக்கு இலங்கையோ என்று எங்கும் அச்சம் பரவியது. ஏப்பிரல் 4ஆம் திகதி விடியற்காலையில் கனடாவின் 413ஆம் அணியைச் சேர்ந்த லியனாட் பேர்ச்சல் தமது கற்றலினாவுடன் கொக்கலவிலிருந்து புறப்பட்டார். அன்று பிற்பகல் இலங்கைக்குத் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு வானொலியில் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவர் போர் முடியும்வரை ஜப்பானியரின் கைதிகளாயினர். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. ஆயினும், செய்தி முன்னரே எட்டியதால் எதிர்பாராத தாக்குதலாக அது அமையவில்லை. பேர்ச்சலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்ற பெயர் நிலைத்தது.

அந்த வீரத்தை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால், அந்த விமானம் மிதந்த வாவியின் கரையில் வாழ்ந்தவர் கதி என்னவாயிற்று? கொக்கலவில் தளம் அமைப்பதற்காகச் சிங்களக் கிராமத்தவர் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு இடிபடாது தப்பியது. இன்று அது அருங்காட்சியகத்தின் பகுதியாக நிற்கிறது. இடிபட்ட வீடுகளில் வாழ்ந்த உழவர், மீனவர் பெயர்களை எந்த வீரப்பட்டியல் தாங்கி நிற்கிறது?

1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினாக்கள் கொக்கலவுக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே 271 தடவை இந்து சமுத்திரத்தைக் கடந்தன. பயணம் ஒரு நாளுக்கு மேல் நீண்டதால், வானிலிருந்தே இரண்டு சூரியோதயங்களைக் காணலாம். போர் முடிந்ததும் அவற்றுட் பெரும்பாலானவை ரொட்னெஸ்ட் தீவருகே கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அமெரிக்கா இரவலாகத் தந்த பொருளை விலை கொடுத்து வாங்குவது, அன்றேல் அழித்துவிடுவது என்பது ஒப்பந்தம். பயன் முடிந்தால் பண்டத்தை எறிவது போரின் நியதி.

மனிதன் அந்த நியதியை மாற்ற முயன்றிருக்கிறான். ஸ்பெயினில் காட்டுத்தீ அணைக்கப் பயன்பட்ட பழைய கற்றலினா ஒன்று, அவுஸ்திரேலியாவின் லோங்ரீச் நகர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய வேலை எளிதன்று. உப்புநீர் அலுமினியத்தை உள்ளிருந்தே அரித்துவிடும். தகட்டைக் கழற்றி, அரிப்பைச் சுரண்டி, உக்கிய தறையாணிகளை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். துணி போர்த்திய பாகங்களுக்குப் புதுத்துணி போர்த்த வேண்டும். பழையது எது, புதியது எது என்று குறித்து வைக்கவும் வேண்டும். இதற்கெனத் தம் ஓய்வு நேரத்தை ஈந்த தொழிலாளர் உலகின் பல நாடுகளிலும் உளர்.

ஓர் இயந்திரத்தின் ஆணிக்கு இத்துணைக் கவனம் கிடைக்குமாயின், மனிதரின் காணிக்கு எத்துணை கிடைக்க வேண்டும்!

பலாலியின் பிற்கால வரலாறு நமக்குத் தெரிந்ததே. 1947இல் எயார் சிலோனின் முதற் பயணம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. போருக்காக எழுந்த தளம் மக்களுக்குப் பயன்பட்ட காலம் அது. 1990இல் மீண்டும் போர் வந்தது. வலிகாமம் வடக்கின் மக்கள் பெயர்ந்தனர். அவர்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. விமானங்கள் மீண்டும் வந்தன. காணிகளோ பகுதி பகுதியாகவே விடப்பட்டன; முழுவதும் இன்னும் உரியவரிடம் சேரவில்லை. திரும்பிச் சென்றவர் பலர் வீட்டின் அத்திவாரத்தையும், தூர்ந்த கிணற்றையும், எல்லை தெரியாத வளவையுமே கண்டனர்.

கொக்கலவின் சிங்களக் கிராமத்தவனும் வலிகாமத்தின் தமிழ் உழவனும் வேறுவேறு மொழிகளில் ஒரே துயரைப் பேசுகின்றனர். ஒருவன் அந்நியன் நடத்திய போருக்குத் தன் மண்ணைக் கொடுத்தான். மற்றவன் நம்மவர் நடத்திய போருக்குக் கொடுத்தான். இருவரிடமும் சம்மதம் கேட்டவர் எவருமில்லை.

பழைய விமானங்களைப் பேணுவோம். அவை வரலாற்றுச் சான்றுகள். ஆனால், உருக்குலைந்த ஒன்றை அதன் பழைய நிலைக்குக் கொணர்வதே மீட்பு என்றால், அந்த வேலை மண்ணிலிருந்து தொடங்கட்டும். தூர்ந்த கிணற்றில் மறுபடியும் நீர் ஊறி, அந்த நீர் தோட்டத்துக்குப் பாயும் நாளிலேதான் பலாலியில் போர் முடிந்தது என்று நாம் எழுதலாம்.