கொச்சிக்காய்த் தண்ணீரின் கதை



வெண்டியில் அழுக்கணவன், முருங்கையில் மயிர்க்கொட்டி என்று யாராவது சொன்னால் உடனே வருகிற பதில் இதுதான்: "கொச்சிக்காயையும் உள்ளியையும் அரைச்சித் தெளிங்க, அது நம்மட முன்னோர்ர மருந்து." மருந்து நல்லதுதான். ஆனால் எந்த முன்னோருடையது? வரலாறு படிப்பிக்கிறவன் என்ற வகையில் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன். பதிவு நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

கொச்சிக்காய் நமது மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கு போன பிறகுதான் மற்ற நாடுகள் அதைக் கண்டன. போர்த்துக்கேயர் 1498இல் கோழிக்கோட்டுக்கும், 1500இல் கொச்சிக்கும், 1505இல் இலங்கைக்கும் வந்தார்கள். அவர்களுடைய வியாபாரத்தோடு வந்த காய் இது. தமிழ்நாட்டில் அதை மிளகோடு சேர்த்து 'மிளகாய்' என்றார்கள். நாம் 'கொச்சிக்காய்' என்கிறோம். அது கொச்சித் துறைமுகத்தின் பெயர் என்றே பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். சிங்களத்திலும் உறைப்புக் கூடிய சின்ன வகைக்கு 'கொச்சி' என்றுதான் பெயர்.

அதற்கு முன்னர் நமது சமையலில் உறைப்பு என்றால் மிளகுதான். பூச்சிக்கு அடுப்புச் சாம்பலை இலையில் தூவினார்கள். நெல்லுக்குள் வேப்பிலை போட்டார்கள். உண்மையிலேயே பழைய மருந்து என்றால் இவைதான். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் பச்சையெல்லாம் தின்று தீர்த்தபோது வேம்பை மட்டும் விட்டுப் போனதை ஜேர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஷ்முட்டரர் கவனித்தார். உலக ஆய்வு கூடங்கள் வேம்பைத் தீவிரமாக ஆராயத் தொடங்கியது அதன் பிறகுதான்.

பசுமைப் புரட்சியோடு புதுவகை நெல்லும் போத்தல் மருந்தும் வந்தன. விளைச்சல் கூடியது. கூடவே நஞ்சும் வீட்டுக்குள் வந்தது. 1995இல் நமது நாட்டில் தற்கொலை வீதம் ஓர் இலட்சம் பேருக்கு 47. உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் அதுவும் ஒன்று. பெரும்பாலான உயிர்களைப் பறித்தது வயலுக்கு வாங்கி வைத்த மருந்துதான். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பரதியோன் வகைகள் 1984இலும், மிகக் கொடிய மற்றவை 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடுக்கப்பட்டன. பத்தாண்டுகளில் அந்த வீதம் ஏறக்குறையப் பாதியாகியது. வீட்டில் நஞ்சு இல்லாமல் இருப்பதே ஓர் உயிர்க்காவல் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?

அதனால்தான் கொச்சிக்காய்த் தண்ணீரை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

காரத்துக்குக் காரணம் கெப்சைசின் என்ற பொருள். அது நமது நரம்பிலுள்ள சூட்டை உணரும் வாசலைத் தட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. பாலூட்டிகளுக்கு எரியும், பறவைகளுக்கு எரியாது. கிளி கொச்சிப்பழம் தின்பது அதனால்தான். பூச்சிகளுக்கும் நமக்கு எரிவது போல எரிவதில்லை. சில பூச்சிகள் கடிக்கவும் முட்டையிடவும் தயங்கும், அவ்வளவுதான். கொச்சிக்காயைப் பிளந்தால் உள்ளேயே புழு இருப்பதை நாம் கண்டதில்லையா? ஆக, இது விரட்டி, கொல்லி அல்ல. அழுக்கணவன் சாகிறதென்றால் அதில் பெரும்பங்கு நாம் கலக்கும் சவர்க்காரத்துக்குரியது.

யானைக்கும் இதைப் பாவித்துப் பார்த்தார்கள். சிம்பாப்வேயில் கொச்சித்தூளை எண்ணெயில் குழைத்துக் கயிற்றில் பூசி வேலி கட்டினார்கள். ஆனால் சுமாத்திராவில் செய்த ஆய்வில், ஆள் காவல் இருந்த இடத்தில் கொச்சிக்காய் மேலதிகமாக எதையும் சாதிக்கவில்லை. படுவான்கரையில் இரவிரவாகக் காவல் இருக்கிற விவசாயிக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

எல்லை தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை 2021 காட்டியது. மே மாதம் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் ஒரே வர்த்தமானியில் தடை வந்தது. நவம்பரில் திரும்பப் பெற்றார்கள், ஆனால் காலம் கடந்துவிட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. உரம் இல்லாமைதான் முதல் காரணம். இருந்தாலும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு: வளவில் பலிக்கிற வைத்தியத்தை ஒரே இரவில் நாட்டு வயலுக்கெல்லாம் சட்டமாக்க முடியாது.

நமது காத்தான்குடியில் வயல் ஏது? மணல் வளவில் நாலு கத்தரி, ரெண்டு வெண்டி, ஒரு முருங்கை. அதற்கு இந்தத் தண்ணீர் போதும். ஒரு கைப்பிடி கொச்சிக்காய், கொஞ்சம் உள்ளி, அரைத்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, துணியில் வடியுங்கள். கெப்சைசின் வெறும் தண்ணீரில் சரியாகக் கரையாது, ஆகவே கொஞ்சம் சவர்க்காரம் சேருங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து, கருகுகிறதா என்று மறுநாள் பாருங்கள். பிறகு வெயில் தாழ்ந்ததும் தெளியுங்கள். மழை பெய்தால் திரும்பவும் தெளிக்க வேண்டும். கண்ணும் கையும் கவனம், பிள்ளைகளைத் தூரமாக நிறுத்துங்கள். தெளித்த போத்தலில் பெயர் எழுதி வையுங்கள். காயை நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

உங்கள் உம்மம்மாமார், மூத்தவாப்பாமார் பூச்சிக்கு என்ன செய்தார்கள்? கேட்டு, கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் அது வரலாறாகும். அல்லாஹ் நமது வளவுகளில் பரக்கத் செய்வானாக.