பாண்டியர் கொட்டிலில் மடிந்த பரிகள்

பழந்தமிழில் குதிரைப் பாகருக்கு ‘வாதுவர்’ என்னும் தனிப்பெயரே உண்டு. எனினும், 1268இல் அரியணையேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியனின் காலத்தில், குதிரை பேணும் கலை பாண்டி நாட்டில் அருகியே இருந்தது எனக் கருத இடமுண்டு.

தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆண்டுதோறும் வந்திறங்கின. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் கருவூலமே பொன் அளித்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார்.

இவ்வாறு வாங்கிய பரிகளுள் மிகச் சிலவே ஓராண்டு உயிர் தரித்தன என்கிறார் 1290களில் இங்கு வந்த மார்க்கோ போலோ. வெப்பம் ஒரு காரணம், பராமரிப்பின்மை மற்றொன்று. புல்லும் கொள்ளும் தின்ன வேண்டிய விலங்குக்குச் சோற்றோடு இறைச்சியும் சமைத்து இட்டனர். இலாடம் கட்டவும் நோய் தீர்க்கவும் வல்லவர் இலர். அத்தொழில் அறிந்தோர் இங்கு வருவதை வணிகரும் தடுத்தனர் என்கிறார் அவர். குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் வாணிகம் செழிக்கும்!

படைவலிமைக்கெனக் குதிரையை வாங்கிய அரசு, கொட்டிலில் நின்று அதைக் காக்கும் பணியாளரைத் தேடிக்கொள்ளவில்லை. அக்குறையின் விலையை ஆண்டுதோறும் பொன்னாகச் செலுத்தியது.