கச்சாப் பட்டு வரியும் ஆரணித் தறியும்: தரப்புகள் யார்?

கச்சாப் பட்டின் மீதான இறக்குமதி வரி 2011 மத்திய பட்ஜெட்டில் 30 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. இடையில் சில மாற்றங்களுக்குப் பின் 10 ஆக இருந்த அது, 2021இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. குறைத்தபோது பட்டுக்கூடு விலை சரிந்து கர்நாடக விவசாயிகள் போராடினர். உயர்த்தினால் நெசவுத் தரப்பு முறையிடுகிறது. உழவருக்கா, நெசவாளருக்கா என்றே இவ்வழக்கு பேசப்பட்டுவருகிறது. தரப்புகளைப் பிரித்த விதத்திலேயே பிழை இருக்கிறது என்பது என் வாதம்.

பட்டு நெசவூரான ஆரணியில் கூலிக்கு நெய்பவர் பட்டு நூலை விலைக்கு வாங்குவதில்லை. கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) ஜரிகையும் தர, சேலையை நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். நூல் விலை ஏறும்போது கூலி குறைவதற்கு முன்பே அடுத்த பாவு வரத் தாமதமாகிறது. அந்த நாட்களில் தறியும் சும்மா கிடக்கிறது, ஊடை சுற்றும் வீட்டுப் பெண்களின் உழைப்பும் நின்றுவிடுகிறது. நூல் விலை இறங்கினாலோ கூலி தானாக ஏறுவதில்லை. ஆகவே வரிக்குறைப்பின் ஆதாயம் முதலில் சேருவது நூல் வாங்குபவரின் கணக்கில்தான். அவருடைய நலனும் நியாயமானதே. ஆனால் நெசவாளர் பெயரில் அதைப் பேசக்கூடாது.

மறுபுறம், ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறு முதல் எட்டு கிலோ கூடு தேவை. கூட்டை வைத்திருந்தால் அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிவிடும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வரும் உழவர் அன்றைய விலைக்கே விற்றாக வேண்டும். உச்ச விலையைவிட, திடீரென விழாத விலையே அவருக்கு முக்கியம். தறிக்கோ, பாவில் அறாத சீரான இழை வேண்டும். சீனப் பட்டு இங்கே இடம்பிடித்ததற்கு மலிவு மட்டுமல்ல, இந்தச் சீர்மையும் காரணம்.

மோதும் இரு தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றலாம் என்பதற்கு உதாரணமாக, மேலாண்மைச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1925இல் நிகழ்த்திய உரையொன்றில் ஒரு பால் கூட்டுறவைக் குறிப்பிடுகிறார். பால்கேன்களை முதலில் யார் இறக்குவது என்று மேட்டிலிருந்து வருவோரும் கீழிருந்து வருவோரும் மோதிக்கொண்டனர். இறக்குமேடையை இடம் மாற்றியதும் இருவருமே ஒரே நேரத்தில் இறக்க முடிந்தது. முறை வைத்துப் பங்கிட்டிருந்தால் சச்சரவு ஓய்ந்திருக்காது.

பட்டில் அந்த மேடை, கூட்டிலிருந்து இழை எடுக்கும் நூற்பாலை. தானியங்கி இயந்திரத்தில் வெண்பட்டுக் கூட்டிலிருந்து பாவுக்குத் தகுந்த தரமான நூல் எடுக்க முடிகிறது. அதற்கு முதலீடு செய்தால் உள்ளூர்க் கூட்டுக்கு நிலையான வாங்குநர் கிடைப்பார், தறிக்கும் நூல் கிடைக்கும். மத்திய அரசின் மூலப்பொருள் வழங்கல் திட்டம் உள்நாட்டுப் பட்டு நூலுக்கு 15 விழுக்காடு விலைச்சலுகை தருவதும் இதே திசையில்தான்.

நூற்பாலைகள் வளர ஆண்டுகள் பிடிக்கும், அதுவரை வரி விகிதம்தான் விலையைத் தீர்மானிக்கும் என்ற மறுப்பு வலுவானது. அதனால்தான் விகிதத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்னறிவித்து மாற்றாமல் வைக்க வேண்டும் என்கிறேன்: ஏற்ற இறக்கமே இரு தரப்பையும் அதிகம் வதைக்கிறது. விகிதத்தைத் தீர்மானிக்கும் பேச்சில் கூலி நெசவாளருக்கு, கொள்முதல் செய்வோரிடமிருந்து தனியாக, ஓர் இடம் வேண்டும். நூல் விலையோடு, பாவுக்காகத் தறி காத்திருந்த நாட்களும் அங்கே கணக்கில் வைக்கப்பட வேண்டும்.