சான்றிதழ் கேட்ட ஓட்டக்களம்

பெண் என்பதற்குச் சான்றிதழ்! வியக்கின்றோமா? வேதம் ஓதுவோர் கேட்டதன்று இது. விஞ்ஞானத்தின் பெயரால் விளையாட்டு மன்றங்கள் கேட்டது.

ஆண்கள் பெண்களின் போட்டியிலே புகுந்துவிடுவரோ என்ற அச்சம் நெடுநாளாக இருந்தது. 1966-இல், புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியப் போட்டியில், வீராங்கனைகளை ஆடையின்றி மருத்துவர்முன் நிறுத்தினர். நாணித் தலைகுனிந்தது நாகரிகம்! 1968-இல் ஒலிம்பிக் மன்றம் வேறு வழி கண்டது. கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி, உயிரணுவை ஆராய்வது. எக்ஸ் குரோமோசோம் இரண்டிருந்தால், ஒன்று சுருண்டு கரும்புள்ளியாய்த் தெரியும். புள்ளி உண்டா, பெண், இல்லையா, வெளியேறு!

1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த பல்கலைக்கழகப் போட்டிக்கு வந்தார் ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பாட்டின்யோ. முன்னர் பெற்ற சான்றிதழைக் கொண்டுவர மறந்தார். மீண்டும் சோதனை, புள்ளி இல்லை! எக்ஸ், ஒய் என்றனர். அடிபட்டதாக நடித்து விலகச் சொன்னார்கள். மறு ஆண்டு தாய்நாட்டிலே ஓடினார், வென்றார், செய்தி கசிந்தது. பட்டம் பறிபோயிற்று, உதவித்தொகை நின்றது, விடுதிக் கதவு மூடிற்று, மணக்க இருந்தவரும் விலகினார்.

ஆனால் உண்மை என்ன? ஒய் குரோமோசோம் இருந்தது. ஆண் சுரப்பும் இருந்தது. அச்சுரப்பை ஏற்கும் ஆற்றலே அவர் உயிரணுக்களுக்கு இல்லை. சாவி கோடி இருந்தும் பூட்டுத் திறவாவிடில் பயனேது? ஆகவே, பிறந்தது முதல் பெண்ணாகவே வளர்ந்தார். அச்சுரப்பால் அவர் பெற்ற வலிமை எள்ளளவும் இல்லை.

போராடினார் பாட்டின்யோ. இச்சோதனை பிழையானதென முன்பே எச்சரித்த பின்லாந்து மரபியல் அறிஞர் ஆல்பர்ட் டி லா ஷப்பேல் துணை நின்றார். 1988-இல் உரிமை மீண்டது; ஓடவேண்டிய பருவமோ ஓடிவிட்டது! 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலே, சோதிக்கப்பட்ட 3387 பேரில் எண்மருக்கு ஒய் குரோமோசோமின் அடையாளம் தென்பட்டது. எண்மரும் ஓட அனுமதி பெற்றனர். 1999-இல் ஒலிம்பிக் மன்றம் அச்சோதனையைக் கைவிட்டது.

2025 செப்டம்பரில், உலகத் தடகள மன்றம் மரபணுச் சோதனையை மீண்டும் புகுத்தியது. பாட்டின்யோ போன்றோருக்கு அதிலே விலக்கு உண்டு. அந்த அறிவுக்கு விலையாக ஒரு பெண்ணின் இளமை போயிற்று.

ஏட்டில் உள்ளது என்பதற்காக எதையும் ஏற்காதவர் நாம். ஆய்வுக்கூடம் சொல்லிற்று என்றால் மட்டும் அடங்கிவிடலாமா? எதை அளந்தாய், எதை அளக்க மறந்தாய் என்று கேட்போம். அப்படிக் கேட்டதனாலன்றோ விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்திற்று! கேட்கத் துணிவதே பகுத்தறிவு.