மலையில் இறந்தவர்

டாலாவில் மலை இல்லை. யாங்கோன் நகரின் பான்சோடான் துறையில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் தென்கரை வந்துவிடும்; அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தட்டையான வண்டல் நிலம். கோடையில் அங்கே பெரிய காரியம் தண்ணீர்தான். நிலத்தடி நீர் உப்பு. மழைநீர் தேங்கிய குளங்களைப் பூட்டி வைத்து, குறித்த நேரத்தில் திறந்துவிடுகிறார்கள். 2018 ஏப்ரலில் நான் போனபோது காவடிபோல் இரண்டு பக்கமும் டின் கட்டிய மூங்கிலோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் எங்கள் வீட்டில் டாலா என்று யாராவது சொன்னால் அடுத்த சொல் மலையாகத்தான் இருக்கும். ஐயா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், ராமநாதபுரம் சீமையிலிருந்து ஒரு மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கப்பலேறி, டாலாக் கரையில் படகு பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் ரிவெட் அடித்தவர். தம்பியையும் பிறகு அழைத்துக்கொண்டார். 1942இல் இருவரும் நடந்தே ஊருக்குக் கிளம்பினார்கள். வந்து சேர்ந்தவர் ஒருவர். "சின்னவன் மலையிலே போயிட்டான், காலரா" என்பதற்குமேல் ஐயா எதுவும் சொன்னதில்லை. ஒவ்வொரு வருடமும் மாசிப் பௌர்ணமியில் சின்னையாவுக்குத் திதி நடந்தது. சின்னையாவின் மனைவி, எங்கள் சின்னப்பத்தா, இருபது வயதில் வெள்ளைச் சேலை கட்டியவர். 1994இல் எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கும்வரை வேறு நிறம் உடுத்தவில்லை.

அந்த மலை எது என்று தேடித்தான் நான் பர்மா போனேன்.

அப்பாவைக் கேட்டால் மணிப்பூர் மலை என்பார். தமிழில் பர்மா நடைப்பயணம் என்றாலே அந்த வழிதான் நினைவுக்கு வருகிறது. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகையை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் மனைவியோடு நடந்து வந்ததை 'எனது பர்மா வழி நடைப் பயணம்' என்று எழுதிவைத்திருக்கிறார். எழுதத் தெரிந்தவர் நடந்த பாதை நமக்கு வரலாறாகிவிட்டது. 'பராசக்தி' படத்தின் ரங்கூன் காட்சிகள் மீதியைச் செய்தன. ரிவெட் அடித்தவர்களும் மூட்டை தூக்கியவர்களும் எந்த வழியில் நடந்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை.

1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை சுமார் 4 லட்சம். அதில் 2,12,000க்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள், பாதிக்கும் அதிகம். அந்த நகரத்தின் துறைமுகமும் குப்பை வண்டியும் இந்தியத் தொழிலாளிகளால்தான் ஓடின. டாலாவில் ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் தளம் இருந்தது. 600க்கு மேற்பட்ட கலங்களை வைத்திருந்த கம்பெனி அது. 1930களின் விலைவீழ்ச்சியில் டெல்டா நெல்வயல்களில் கால்வாசி செட்டியார்களின் கைக்குப் போயிற்று. நிலத்தை இழந்த பர்மியருக்கும் கூலிக்கு வந்த இந்தியருக்கும் நடுவே 1930 மே மாதத்திலும் 1938 ஜூலையிலும் ரத்தம் சிந்தியது. பர்மியப் பெண்களை இந்தியர்கள் மணப்பது அந்தக் கோபத்தின் ஒரு முனை. 1939இல் பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கும் சொத்துரிமைக்கும் என்று தனிச் சட்டமே வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மேல் முதல் குண்டு விழுந்தது. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடி. பணம் இருந்தவர்கள் கப்பல் சீட்டுக்கு ஓடினார்கள். மற்றவர்கள் வடக்கே புரோம் சாலையில் நடந்தார்கள். துறைமுகம் நின்றுவிடக்கூடாது என்பது அரசாங்கத்தின் கவலை. போன கூட்டத்தைப் புரோமில் தடுத்து, ஆயிரக்கணக்கானவர்களைப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். திரும்பாதவர்கள் அங்கேயே காத்திருந்து, வழி விட்டதும் ஐராவதியைக் கடந்து, அரக்கான் யோமா மலைத்தொடரில் ஏறி, மறுபுறம் டவுங்கப் என்ற கடற்கரை ஊரில் இறங்கினார்கள். சுமார் 110 மைல். அங்கிருந்து படகில் அக்யாப், பிறகு சிட்டகாங். ஜப்பானியர் முன்னேறி இந்த வழியும் அடைபட்ட பிறகுதான் கூட்டம் முழுவதும் வடக்கே தமுவுக்கும் ஹூக்காங் பள்ளத்தாக்குக்கும் திரும்பியது. தமு வழியில் வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று எழுந்த புகாரை விசாரிக்க வைஸ்ராய் சபை உறுப்பினர் எம். எஸ். ஆனே நேரில் போனார்.

ஐயா எப்போதாவது சொன்ன ஒரு வரி எனக்கு நினைவிருந்தது. "மலையை விட்டு எறங்குனா கடலு." மணிப்பூரில் கடல் ஏது? அவர் நடந்தது டவுங்கப் வழி.

இன்னொன்றும் இருந்தது. சின்னையா கிரகணத்தன்று இறந்தார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் திதி தவறவேயில்லை. கிரகணப் பட்டியலைப் பார்த்தேன். 1942 மார்ச் 3, மாசிப் பௌர்ணமி கழிந்த விடியற்காலை, முழுச் சந்திர கிரகணம். பர்மாவில் கிழக்கு வெளுக்கும் நேரத்தில், கறுத்த நிலா அப்படியே மேற்கில் மறைந்திருக்கும். ரங்கூன் விழுந்தது மார்ச் 8. கடைசிவரை வேலைத்தளத்தில் நின்றுவிட்டுத்தான் கிளம்பினார் என்று அப்பா பெருமையாகச் சொல்லும் கதை இதோடு உடைந்தது. நகரம் விழுவதற்கு ஐந்து நாள் முன்பே ஐயா மலைமேல் இருந்தார்.

அங்கே நானும் நடக்க வேண்டும் என்று தோன்றியது. இப்போது ப்யே என்று அழைக்கப்படும் புரோமில் பேருந்தேறினேன். ஐயா படகில் கடந்த ஆற்றை நவடே பாலத்தில் ஒரு நிமிடத்தில் கடந்தாயிற்று. மலைமுகட்டுக்கு அருகில் ஒரு டீக்கடையில் இறங்கி, கடைக்காரர் கையால் வரைந்து காட்டிய பழைய பாதையில் முகட்டோடு போய், காட்டுக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு மறுபடி கடைக்கே வந்தேன். நான்கு மணி நேரம்.

கிழக்குச் சரிவில் மரங்கள் இலையுதிர்த்து நின்றன. காய்ந்த தேக்கிலை காலடியில் அப்பளம்போல் நொறுங்கியது. மலைக்காரர்கள் சாகுபடிக்காகக் காட்டை எரிக்கும் மாதம் அது; தூரத்து முகடுகள் புகையில் கரைந்திருந்தன. மேற்குப் பக்கம் திரும்பியதும் மூங்கில், மூங்கில், மூங்கில்தான். கடல் தெரியும் என்று எதிர்பார்த்தேன். தெரியவில்லை. ஓடைகள் வறண்டு, பாறைக் குழிகளில் மட்டும் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் நின்றது. நான் கொண்டுபோன இரண்டு லிட்டரும் பாதி வழியில் தீர்ந்துவிட்டது. அந்தக் குழிக்குப் பக்கத்தில் குந்தியபோதுதான் காலரா எப்படிப் பரவியது என்பது புத்தகத்தில் படித்ததற்கு அப்பால் விளங்கியது. ஆயிரம் பேர் குனிந்து அள்ளிய குழியில் ஆயிரத்தோராவது ஆளும் அள்ளத்தான் செய்வான். நானும் அள்ளியிருப்பேன். சின்னையா இப்படி ஒரு குழியருகில்தான் விழுந்திருப்பார் என்று நினைத்து, ஊரிலிருந்து அப்பா கொடுத்தனுப்பிய எள்ளை அங்கே தூவினேன்.

மூன்று நாள் கழித்து டாலாவுக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒரு வீடு அங்கே இருப்பதாகக் கோயில்காரர் ஒருவர் வழியாகத் தெரிந்திருந்தது. கன்னத்தில் தனக்கா பூசி, லுங்கி கட்டிய ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். வயது 75. சுவரில் ஸ்டுடியோவில் எடுத்த பழைய படம்: நாற்காலியில் ஐயா, பின்னால் நின்றபடி சின்னையா. எங்கள் வீட்டிலும் அதே படம் இருக்கிறது, சின்னையா பக்கம் மட்டும் பொட்டு வைத்து.

"எங்கப்பா" என்றார், நிற்பவரைக் காட்டி.

சின்னையா மலை ஏறவே இல்லை. புரோம்வரை அண்ணனோடு நடந்தவர், இரண்டு மாதம் அங்கே காத்துக் கிடந்துவிட்டுத் திரும்பிவிட்டார். டாலாவில் அவருக்கு ஒரு பர்மிய மனைவி இருந்தார், அப்போது ஆறு மாதம். ஜூன் மாதம் இந்த அம்மாள் பிறந்தார். "பெரியப்பா எவ்வளவோ சொன்னாராம். அப்பா கேக்கலையாம். ரெண்டு பேரும் ஆத்தங்கரையில அழுதாங்களாம்." போருக்குப் பிறகு ஊருக்கு இரண்டு கடிதம் போட்டாராம். பதில் வரவில்லை. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கியபோது இந்தியர்கள் கப்பல் கப்பலாக வெளியேறினார்கள். அப்போதும் அவர் போகவில்லை. 1971 மழைக்காலத்தில் டாலாவிலேயே இறந்தார்.

1942இல் தரைவழியாக வெளியேறிய இந்தியர்கள் ஏறத்தாழ 4 லட்சம் என்கிறார்கள். வழியில் இறந்தவர்கள் 10,000 முதல் 50,000 வரை இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் ஹ்யூ டிங்கர் கணித்தார். அதைவிட அதிகம் என்பாரும் உண்டு. எண்ணப்படாமல் மூங்கில் காட்டில் கிடந்தவர்களால் அந்தக் கணக்கு குறைவாக இருக்கலாம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். திரும்பிப் போக விரும்பாதவர்களை, போக முடியாதவர்களை, சொல்ல வெட்கப்பட்ட குடும்பங்கள் எத்தனை பேரை அந்த மலையில் இறக்க வைத்தன என்பதை யார் எண்ணுவது? ஐயாவை நான் முழுவதும் குறை சொல்லமாட்டேன். ஓடிப்போனவனின் மனைவியைவிட விதவைக்கு ஊரில் மரியாதை அதிகம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அந்த இரண்டு கடிதங்களை வாங்கிப் படித்தவர் யார் என்ற கேள்வியை மட்டும் என்னால் கடக்க முடியவில்லை.

நான் அவருக்கு அண்ணன் மகன் முறை என்று தெரிந்ததிலிருந்து அத்தை என்னை மருமகனே என்றுதான் கூப்பிட்டார். திதி கொடுப்பதைச் சொன்னேன். மாசிப் பௌர்ணமி என்றதும் சிரித்துவிட்டார். "அது எங்களுக்குத் தபாங் பௌர்ணமி. அன்னிக்குத்தான் அப்பா எங்களை எல்லாம் படகுல ஏத்தி ஷ்வேடகோன் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போவாரு."

குளம் திறக்கும் நேரமாயிற்று. டின்களை எடுத்துக்கொண்டு அவருடைய பேரன் கிளம்பினான். வாசல்வரை போய் அவனிடம் பர்மியத்தில் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி வந்த அத்தை, கொஞ்ச நேரம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமகனே, அப்பாவுக்கு ஊருல சம்சாரம் இருந்தாங்கதானே?"

இருந்தார்கள் என்றேன். வெள்ளைச் சேலையைப் பற்றியும் சொன்னேன். மறைக்க முடியவில்லை.

"அவங்க பேரு என்ன? கோயில்ல ஒரு அர்ச்சனை பண்றேன்."

நான் யோசித்தேன். சின்னப்பத்தா, சின்னவ, அந்த வீட்டுப் பொம்பளை என்று ஆளுக்கொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு, அப்பாவிடம் கேட்பதற்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் தேடித் துறையை நோக்கி நடந்தேன்.